மச்சில் கிடக்கும் கேசட்டுகள்: குடும்பப் பதிவுகளைக் காப்பாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா பஹ்ரைனில் வேலை பார்த்த காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார். விடுமுறைக்கு ஊருக்கு வருகிற யாராவது அதைக் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு சாயா குடித்துவிட்டுப் போவார்கள். அம்மா அதைப் போட்டுக் கேட்பாள். அப்புறம் அதே கேசட்டின் மறுபக்கத்தில் நாங்கள் பேசி அனுப்புவோம். அப்படிப் போய்வந்ததில் ஆறு கேசட் மிஞ்சியது. அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் பை பையாகக் கொண்டுவரத் தொடங்கினார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நான் சொல்கிற பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன். கல்யாண வீடியோ, கொடை விழாப் பதிவு, அடக்க ஆராதனை வீடியோ, ஆல்பம், பழைய போன் எல்லாம் இதில் வரும்.

கேசட் பத்திரமாகத்தானே இருக்கிறது? என்ன அவசரம்?

கேசட் இருக்கும். அதை ஓட்டுகிற பெட்டிதான் முதலில் போகும். பிலிப்ஸ் கம்பெனி ஒலிக் கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963-இல். வீட்டு வீடியோவுக்கான வி.எச்.எஸ். ஜப்பானில் வந்தது 1976-இல். அந்த வி.எச்.எஸ்.ஸை ஓட்டும் வி.சி.ஆர். பெட்டியைக் கடைசிவரை செய்துகொண்டிருந்த ஃபுனாய் என்ற ஜப்பானிய நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஹேண்டிகேமில் போடும் மினி டிவி (MiniDV) கேசட்டை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்தியது. இப்போது ஊரில் ஓடுகிற ஒவ்வொரு பெட்டியும் பழைய பெட்டிதான். அதற்குள் இருக்கும் ரப்பர் பெல்ட் வருஷம் போகப்போக இளகி, தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட் தேயும். பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கும் வயதாகிறது.

இன்னொன்று நம் ஊர் காற்று. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நமக்கு உண்டு. பேச்சிப்பாறைப் பக்கமானால் ஈரம், குளச்சல் பக்கமானால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். நாடாவின் மேல் இருக்கும் பூச்சுக்கும் அதைப் பிடித்து வைத்திருக்கும் பசைக்கும் இந்த ஈரம் ஆகாது.

வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. எதிலிருந்து தொடங்க?

குரலிலிருந்து. இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்.

கல்யாண வீடியோவைத்தான் எல்லோரும் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அதே கல்யாணத்துக்கு ஆல்பம் இருக்கும், சம்பந்தி வீட்டில் இன்னொரு பிரதி இருக்கும். ஆனால் பாட்டா பேசிய கேசட் உலகத்திலேயே ஒன்றுதான். என் அப்பாவின் கேசட் ஒன்றில், அவர் பேசி முடித்த பிறகு நிறுத்த மறந்திருக்கிறார். மூன்று நிமிஷம் போல அறையில் மின்விசிறி ஓடும் சத்தம், யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். அப்புறம் அப்பா தனக்குள்ளே, "சரி, போவட்டு" என்கிறார். அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. அம்மா அந்த மூன்று நிமிஷத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். இப்படி ஒன்று உங்கள் கேசட்டில் எந்த இடத்தில் இருக்கிறதென்று முழுக்க ஓட்டிப் பார்க்காமல் தெரியாது.

ஆகவே ஒலிக் கேசட் முதலில். அடுத்து ஹேண்டிகேம் கேசட்டுகள், ஏனென்றால் அதை ஓட்டும் கேமரா கிடைப்பதுதான் பெரும்பாடு. பிறகு வி.எச்.எஸ்., பிறகு சி.டி., டி.வி.டி. காகிதத்தில் அச்சடித்த போட்டோ ஓரளவு பொறுக்கும், கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியில் ஒட்டிப்போன போட்டோ இருந்தால் மட்டும் அதைத் தள்ளிப் போட வேண்டாம்.

ஒலிக் கேசட்டை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முடியும். அவசரப்படாத ஆளாக இருந்தால் போதும்.

முதல் வேலை, கேசட்டின் மேல்விளிம்பைப் பாருங்கள். நாடா வெளியே தெரியும் பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கம். அங்கே இரண்டு மூலையிலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பி உடைத்துவிடுங்கள். அது போய்விட்டால் ரெக்கார்டு பட்டன் அமுங்காது, மேலே பதிவாகிற ஆபத்து இல்லை. நான் இரண்டாவது கேசட்டில் இதைச் செய்யாமல் விட்டேன். கை தவறி இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தி, சுதாரிப்பதற்குள் ஒன்பது விநாடி போய்விட்டது. அப்பா என் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற இடம் அது. இனி அது எங்கேயும் கிடையாது. தயவுசெய்து பல்லை உடைத்துவிட்டுத்தான் பெட்டியில் போடுங்கள்.

அடுத்து, நாடாவுக்குப் பின்னால் செம்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் சின்னக் கம்பளித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது. பழைய கேசட்டில் பசை காய்ந்து விழுந்திருக்கும், சத்தம் மங்கி மங்கி வரும். ஐந்து திருகு போட்ட கேசட்டானால் திறந்து, வேறொரு நல்ல கூட்டுக்குள் நாடாவை அப்படியே மாற்றி வைக்கலாம். ஒட்டி மூடிய கூடானால் பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள்.

ஓட்டும் முன் ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, முழுக்கப் பின்னால் சுற்றுங்கள். பல வருஷம் ஒரே நிலையில் கிடந்த நாடா ஒன்றோடொன்று இறுகியிருக்கும், அது தளரும். 90 நிமிஷக் கேசட்டில் நாடா மெலிசு, அதில் இன்னும் நிதானம் வேண்டும். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, காய விட்டுப் போடுங்கள். ஒவ்வொரு நாலைந்து கேசட்டுக்கும் ஒருமுறை துடைக்க வேண்டும்.

டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் எடுத்து நேராக லேப்டாப் மைக் துளையில் சொருகுவதுதான் எல்லோரும் செய்வது. அந்தத் துளை பெரும்பாலும் மைக்குக்காகச் செய்தது, ஒரே சேனல்தான் எடுக்கும், இரைச்சலும் வரும். சின்ன யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கிக்கொண்டால் வித்தியாசம் காதுக்கே தெரியும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைலாகப் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. வரும். அது மூலப் பிரதி, அதில் கை வைக்கக் கூடாது. இரைச்சல் நீக்குவது, ஒலி கூட்டுவது எல்லாம் அதன் நகலில். வாட்ஸ்ஆப்பில் அனுப்ப எம்பி3 தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டால் நாடா கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். பதிந்த பெட்டியின் ஹெட்டும் ஓட்டும் பெட்டியின் ஹெட்டும் வேறு வேறு சாய்வில் இருந்தால் அப்படித்தான் கேட்கும். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று மெதுவாகத் திருப்பினால் ஒரு இடத்தில் "ச", "ஸ" ஒலிகள் பளிச்சென்று திறக்கும். அந்தக் கணம் கேட்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நாடாவில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. என்ன செய்ய?

பூஞ்சை. வி.எச்.எஸ். கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் மாவு தூவின மாதிரித் தெரியும். அதைப் பெட்டியில் போடவே கூடாது. ஹெட்டை அடைக்கும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். தனியாக ஒரு கவரில் போட்டு ஒதுக்கி வையுங்கள். மூக்கை மூடிக்கொண்டு கையாளுங்கள், ஆஸ்துமா இருப்பவர்கள் தொடவே வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு சில வாரம் வைத்தால் பூஞ்சை காய்ந்து உறங்கும், அதன் பிறகுதான் துடைக்க வரும். முக்கியமான பதிவானால் அந்த வேலை தெரிந்தவரிடம் போவதுதான் சரி.

வெயிலில் காய வைக்காதீர்கள். பீரோவில் பாச்சை உருண்டை போட்டுக் கேசட், போட்டோ, நெகட்டிவ் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது, எடுத்துவிடுங்கள்.

கல்யாண வீடியோ வி.எச்.எஸ். கேசட்டில் இருக்கிறது. வி.சி.ஆர். எங்கே கிடைக்கும்?

முதலில் சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். கல்ஃபிலிருந்து கொண்டுவந்த டெக் ஒன்று ஏதாவது வீட்டு மச்சில் துணி போர்த்திக் கிடக்கும். பழைய சாமான் வாங்கி விற்கும் ஆக்கர் கடையில் பார்த்தால், வாங்கும் முன் ஒன்றுக்கும் உதவாத கேசட் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சுற்றுகிறதா, திரும்ப வெளியே தள்ளுகிறதா என்று தெரிந்த பிறகுதான் உங்கள் கேசட்டை அதற்குள் விட வேண்டும். வி.எச்.எஸ். கேசட்டின் முதுகுப் பக்கத்திலும் உடைக்க வேண்டிய பல் ஒன்று உண்டு.

டெக்கிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் எடுத்து யூ.எஸ்.பி. கேப்சர் கருவி வழியாகக் கம்ப்யூட்டருக்கு. மலிவான கருவியே குடும்ப வீடியோவுக்குப் போதும் என்பது என் அனுபவம். விலையை விட நல்ல டெக் முக்கியம். நம் ஊரும் கல்ஃபும் பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறை, ஆகவே 720-க்கு 576 அளவில், நொடிக்கு 25 ஃபிரேமாக எடுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கேசட்டானால் அது வேறு முறை, அதை ஓட்டும் டெக் தனி. படம் கீழே ஆடினால் டிராக்கிங் திருகைச் சரிசெய்யுங்கள். பாஸ் போட்டு நிறுத்தி வைக்காதீர்கள், ஓடாமல் நிற்கும் நாடாவில் ஹெட் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் ஆரம்பிக்காதீர்கள்.

நேரமில்லை. கடையில் கொடுத்து மாற்றலாமா?

கொடுக்கலாம். ஆனால் நாலு விஷயம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மூலக் கேசட் திரும்பக் கிடைக்குமா? டி.வி.டி.யாகத் தருவார்களா, ஃபைலாகத் தருவார்களா? முழுக்க எடுப்பார்களா, "தேவையில்லாத" இடத்தை வெட்டுவார்களா? அவர்களிடம் ஒரு பிரதி எத்தனை நாள் இருக்கும்?

என் அண்ணன் கல்யாணக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்தோம். வந்தது ஒரு டி.வி.டி. பந்தியில் ஆட்கள் சாப்பிடும் இடம் மொத்தமும் வெட்டப்பட்டு, அதற்குப் பதில் தாமரைப் பூவுக்குள் மாப்பிள்ளை பெண் சுற்றுகிற காட்சி. பந்தியில் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. கேசட்டைத் திருப்பிக் கேட்டால், தூக்கிப் போட்டாயிற்று என்றார்கள். அவர்களுக்கு அது கெட்ட எண்ணம் இல்லை, அழகாகச் செய்து தருவதாகத்தான் நினைத்திருக்கிறார்கள். நாம்தான் சொல்லியிருக்க வேண்டும்: வெட்ட வேண்டாம், கேசட் வேண்டும்.

நிறைய இருந்தால் முதலில் ஒன்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள். கூரியரில் அனுப்புவதாக இருந்தால் ஒரே பொட்டலமாக எல்லாவற்றையும் அனுப்ப வேண்டாம்.

ஹேண்டிகேமின் குட்டிக் கேசட் இருக்கிறது. அதை டெக்கில் போட ஏதாவது கூடு கிடைக்குமா?

வி.எச்.எஸ்.-சி என்று எழுதியிருந்தால் கூடு உண்டு. வீடியோ 8, ஹை 8, டிஜிட்டல் 8, மினி டிவி என்று எழுதியிருந்தால் கிடையாது, அந்தந்தக் கேமராதான் வேண்டும். மினி டிவியை ஃபயர்வயர் ஒயர் வழியாகத்தான் எடுக்க வேண்டும். அதே கேமராவில் இருக்கும் யூ.எஸ்.பி. துளை பெரும்பாலும் ஸ்டில் படத்துக்கு மட்டும். ஃபயர்வயர் துளை இன்றைய லேப்டாப்பில் இல்லை, அட்டை போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்று தேடுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. வரும். நாடாவில் இருப்பது எண்களாகவே அப்படியே இறங்குவதால் தரம் துளியும் குறையாது. இதை மட்டும் சுருக்காமல் வைத்திருங்கள்.

வி.சி.டி., டி.வி.டி. எல்லாம் பத்திரம்தானே?

இல்லை. கடையில் எழுதித் தந்த சி.டி. எல்லாம் சாயப் பூச்சில் பதிவானவை. வெயில் பட்டால் மங்கும். பதிவு இருக்கும் அடுக்கு பளபளக்கும் பக்கத்தில் இருப்பதாக நினைக்கிறோம், சி.டி.யில் அது பெயர் எழுதும் பக்கத்துக்குத்தான் நெருக்கம். அங்கே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலோ ஒட்டிய காகிதத்தைப் பிய்த்தாலோ போய்விடும்.

வி.சி.டி.யைக் கம்ப்யூட்டரில் திறந்தால் எம்பெக்ஏவி (MPEGAV) என்ற ஃபோல்டருக்குள் டிஏடி (.DAT) என்று முடியும் பெரிய ஃபைல் இருக்கும். அதைக் காப்பி பண்ணி வி.எல்.சி. பிளேயரில் போட்டால் ஓடும். படம் 352-க்கு 288 தான், அதற்கு மேல் தெளிவு வராது. ஒரு டிரைவில் படிக்காத சி.டி. இன்னொரு டிரைவில் படிப்பது சகஜம், இரண்டு மூன்று இடத்தில் முயலுங்கள். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் படிக்க முடிந்த பகுதியை முதலில் எடுத்து வைத்துவிட்டு, முடியாத இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும். பற்பசை தேய்த்துப் பார்க்கும் வைத்தியம் கடைசிக்கும் கடைசி.

சுவரில் மாட்டியிருந்த போட்டோ கண்ணாடியோடு ஒட்டிவிட்டது.

பிய்க்காதீர்கள். ஒரு மழைக்காலம் சுவரில் ஓதம் ஏறினால் போட்டோவின் மேல் இருக்கும் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் ஒட்டும். இழுத்தால் முகம்தான் கண்ணாடியோடு போகும். சட்டத்தின் பின்பலகையை எடுத்துவிட்டு, கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் பகலில் ஜன்னல் பக்கமாக வைத்து, பிம்பம் விழாமல் நீங்கள் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு அதன் நடுவில் போனை வைத்துப் படம் எடுங்கள். முதலில் பிரதி, அதற்குப் பிறகுதான் மற்ற யோசனை.

ஒட்டும் பக்கம் உள்ள ஆல்பத்திலிருந்து படத்தை எடுக்க, நல்ல தையல் நூலை அடியில் விட்டு அறுப்பது போல மெதுவாக இழுங்கள். ஸ்கேன் அளவு அச்சுப் படத்துக்கு 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), நெகட்டிவுக்கு 2400-லிருந்து 3200 வரை போதும். நெகட்டிவ் இருந்தால் அதைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும், அச்சை விட அதில் விவரம் அதிகம். டப்பாவைத் திறந்ததும் காடி நெடி அடித்தால் அந்த நெகட்டிவைத் தனியே பிரித்துவிடுங்கள், அந்த நெடி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, மலையாளத்தில் எழுதிய இரண்டு வரி, எல்லாம் அங்கேதான் இருக்கும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவர்கள், பழைய கையெழுத்து எந்த மொழியில் இருந்தாலும் வெட்டி எறிய வேண்டாம்.

படம் எந்த வருஷம் எடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லையே?

கன்னியாகுமரி கடற்கரையில் நின்று எடுத்த படம் இல்லாத வீடு நம் மாவட்டத்தில் குறைவு. பின்னால் கடலைப் பாருங்கள். பாறையில் விவேகானந்தர் மண்டபம் இல்லையென்றால் 1970-க்கு முன். மண்டபம் இருந்து, பக்கத்துப் பாறையில் வள்ளுவர் இல்லையென்றால் 2000-க்கு முன், ஏனென்றால் சிலை திறந்தது 2000 ஜனவரி 1. சிலை பாதி எழும்பியிருந்தால் 1990-கள். இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் தெரிந்தால் 2024 டிசம்பருக்குப் பிறகு.

ஆட்கள் யாரென்று தெரிந்துகொள்ள ஒரே வழி, வீட்டில் மூத்தவர்களிடம் காட்டுவது. ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தை டிவியில் பெரிதாகப் போட்டு, போனில் ரெக்கார்டரை ஓட விட்டுவிட்டுக் கேளுங்கள். "இது ஆரு?" என்று ஒரு கேள்வி போதும். பெயர் சொல்ல ஆரம்பித்து, அந்த வருஷத்து வெள்ளம், விற்றுப்போன வயல், யாருக்கு யாரைக் கட்டினார்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். நிறுத்தாதீர்கள். அந்தப் பேச்சே இன்னொரு பதிவு.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது வருஷம், மாதம், இடம், ஆள் என்ற வரிசையில் வைத்தால் தானாக வரிசையாகும். வருஷம் நிச்சயமில்லையென்றால் "1980-கள்" என்றே எழுதுங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஒன்றும் ஆகாது.

பழைய ஃபிளாப்பியில் அப்பா டைப் செய்தது இருக்கிறது. திறந்தால் தமிழே இல்லை.

ஃபிளாப்பியைப் படிக்க யூ.எஸ்.பி.யில் சொருகும் டிரைவ் ஆன்லைனில் கிடைக்கும். சோனி ஃபிளாப்பி விற்பதை 2011-இல் நிறுத்தியது, அதனால் சீக்கிரம். ஒரு ஃபிளாப்பியில் இருப்பது 1.44 எம்.பி.தான், ஆனால் அதற்குள் ஒரு ஆயுள் எழுத்து அடங்கும்.

எழுத்து ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பது தமிழ்தான். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறை பரவும் முன் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தது: பாமினி, திஸ்கி, டேப் (TAB), டேம் (TAM) என்று பல. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்துவிட்டால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் யூனிகோடுக்கு மாற்றித் தரும். ஃபிளாப்பியில் எழுத்துரு ஃபைலும் இருந்தால் அதையும் சேர்த்து எடுத்து வையுங்கள். மூல ஃபைலை அழிக்காதீர்கள், மாற்றும்போது ஒற்றுகள் சில விழுந்துபோவது உண்டு.

இறந்துபோனவருடைய போன் இருக்கிறது. அதில் என்ன எடுக்கலாம்?

முதலில் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுபோய் பேட்டரி மாற்றுங்கள். அதற்கு மேல், வாட்ஸ்ஆப் வாய்ஸ் நோட்கள். ஆண்ட்ராய்டு போனின் மெமரியில் வாட்ஸ்ஆப் ஃபோல்டருக்குள் வாய்ஸ் நோட்ஸ் என்று தனி ஃபோல்டர் உண்டு, உள்ளே ஓபஸ் என்று முடியும் சின்னச் சின்ன ஃபைல்கள். "வரும்போது பால் வாங்கிட்டு வா" என்ற பத்து விநாடிதான் இருக்கும். அத்தனையையும் எடுங்கள். பழைய பட்டன் போனில் இருக்கும் 3ஜிபி வீடியோ, ஏஎம்ஆர் ஒலி எல்லாம் வி.எல்.சி.யில் ஓடும். சிம்மை உடனே ரத்து செய்ய வேண்டாம், கணக்குகளைத் திறக்க ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு, கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் நம் கடற்கரையில் எத்தனை. அப்படி ஒரு வீட்டில் பழைய போன் ஒன்று இருந்தால், இன்று சாயங்காலமே பார்க்க வேண்டிய வேலை இது.

மாற்றியாயிற்று. எங்கே வைப்பது?

மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு ஊரில். போட்டோக்காரர்கள் நடுவே பழகிய கணக்கு இது, இதை விட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு ஆன்லைன் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பென் டிரைவும் எஸ்.எஸ்.டி.யும் கொண்டுபோக நல்லவை, வருஷக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் பீரோவில் கிடக்க ஏற்றவை அல்ல. அவற்றில் பதிவு மின்னூட்டமாகத் தங்கியிருக்கிறது, அது கசியும்.

வேறு ஊர் என்பதை நம் மாவட்டத்தில் அழுத்தமாகச் சொல்வேன். 2004 டிசம்பர் 26 காலையில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் வீட்டோடு ஆல்பமும் போனது. 2021 நவம்பர் வெள்ளத்தில் கடலுக்குத் தள்ளி இருந்த வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது. உங்கள் வீடு கடற்கரையில் என்றால் ஒரு டிஸ்க் குலசேகரத்தில் இருக்கும் மகள் வீட்டில் இருக்கட்டும். அங்கே இருக்கும் மகளின் டிஸ்க் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ வீடு ஒதுக்கும் நாளில் டிஸ்கைச் சொருகி நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை புது டிஸ்குக்கு மாற்றுங்கள்.

கூகுளில் தானாக ஏறுகிறதே, அது போதாதா?

மூன்றில் ஒன்றாக நல்லது. அது மட்டும் என்றால் போதாது. கூகுளின் பழைய சமூக வலைத்தளமான ஆர்குட்டில் நம்மில் எத்தனை பேர் படம் போட்டோம்? 2014 செப்டம்பர் 30-இல் அதை மூடினார்கள். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசம் என்பது 2021 ஜூன் 1-உடன் முடிந்தது, இப்போது 15 ஜி.பி. வரைதான். இரண்டு வருஷம் திறக்காத கணக்கை அழிக்கலாம் என்ற விதியும் இருக்கிறது, ஆள் இறந்தபின் கணக்குக்கு அதுதான் நடக்கும். அமைப்புகளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஒன்று உண்டு. உங்களுக்குப் பிறகு யாருக்குத் தர வேண்டும் என்று அங்கே சொல்லி வைக்கலாம். பத்து நிமிஷ வேலை.

வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டது பிரதி ஆகாது. படத்தை அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் சுருங்காது.

இனி கேசட்டை ஆக்கர் கடைக்குப் போட்டுவிடலாமா?

வேண்டாம். இன்னும் நல்ல பெட்டி, நல்ல கருவி கிடைத்தால் திரும்ப எடுக்க வேண்டி வரலாம். செங்குத்தாக நிறுத்தி, ஓட்டுக் கூரைக்கு அடியில் இருக்கும் மச்சில் இல்லாமல், வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில் வையுங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம்.

எங்கள் கோயில் கொடையில் பாடிய வில்லுப்பாட்டு ஏழு கேசட்டில் இருக்கிறது. இதை யாரிடம் கொடுக்க?

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு நெஞ்சு நிறையும். விடிய விடியப் பாடிய கதைகள், அந்த ஊருக்கே உரிய பாட வடிவில், வேறெங்கும் அச்சாகாமல் கேசட்டில் மட்டும் இருக்கலாம். முதலில் நீங்களே மாற்றுங்கள், மூலத்தைக் கை விட வேண்டாம். பாடிய புலவரின் வீட்டாரைத் தேடி ஒரு பிரதி கொடுத்து, மற்றவர்களுக்குத் தரலாமா என்று கேளுங்கள். அது அவர்கள் சொத்து. அவர்கள் சம்மதித்தால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் இருக்கும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தை அணுகிப் பாருங்கள். எந்தக் கோயில், எந்த வருஷம், எந்தக் கதை, குடம் அடித்தது யார், பின்பாட்டு யார் என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். அந்தத் தாள் இல்லையென்றால் கேட்கிறவருக்கு இது எந்த ஊர் என்றே தெரியாது.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பிள்ளைகள் வெளியூரில். நான் இன்றைக்கு என்ன செய்ய முடியும்?

மச்சிலிருந்து பெட்டியை இறக்குங்கள். ஒலிக் கேசட், வி.எச்.எஸ். ஒவ்வொன்றின் பல்லையும் உடையுங்கள். ஒரு காகிதத்தில், யார் குரல், எந்த வீடு, ஏறக்குறைய எந்த வருஷம் என்று எழுதிக் கேசட் கூட்டுக்குள் மடித்து வையுங்கள், மேலே ஒட்ட வேண்டாம். வெள்ளை பூத்ததைத் தனியே பிரியுங்கள். அப்புறம் பிள்ளைகளுக்குப் போன் போட்டு, "பெட்டியை இறக்கி வச்சிருக்கேன், வரும்போது ஒரு டிஸ்க் கொண்டு வா மக்களே" என்று சொல்லுங்கள்.